எஸ்தருக்காக எடுத்துப் போன கவர்

ஆமாங்கக்கா, அந்தப் புள்ள என்னோடதுதான். டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டு, நீலச் சுடிதாரு. ஹரிவர்ஷினின்னு பேரு, வர்ஷின்னு கூப்புடுவோம். எம்பக்கத்துல உக்கார மாட்டேன்னு போயி அங்க உக்காந்துட்டாளுங்க. அதனாலதான் இந்த எடம் காலியா இருந்துச்சு, உங்களுக்குக் கெடச்சுது. இல்லாட்டி சனிக்கெழமக் கூட்டத்துக்கு சிங்காநல்லூருல இருந்து நின்னுட்டேதான் வரோணும்.

பத்தாவது படிக்கறா. பெத்தவகிட்டக் கோவம். நான் யாருக்கும் ஒரு துரோகமும் பண்ணுனதில்லீங்க. எனக்குப் பண்ணுனவளுக்குத் திருப்பிக் குடுக்கப் போனேன், அவ்வளவுதான். நீங்க பல்லடத்துலதான எறங்கறீங்க? அதுக்குள்ள சொல்லிப்போடறேன். கேட்டுட்டு நீங்களே நாயம் சொல்லுங்க.

எஸ்தர்ன்னு ஒருத்திங்க. இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே கிளாஸு. என்னையப் பாத்தா நம்ப மாட்டீங்க, இப்ப இப்படி ஊதிப்போயிக் கெடக்கறேன். அன்னைக்கு நான் ஃபுட்பால் ஆடுனவ. ஆமாங்க, பொம்பளப் புள்ளைக ஃபுட்பாலு. எங்க பி.டி. டீச்சரு எங்கிருந்தோ ரெண்டு பந்தக் கொண்டாந்து, பதினஞ்சு புள்ளைகளப் புடிச்சு டீம் கட்டிப்போட்டாங்க. அதுல நான் லெஃப்ட் விங். எடது காலுல அடிச்சன்னா கோலுதான். எஸ்தரு நடுவுல ஆடுவா. அவ பந்தத் தள்ளிவிட்டா அது எங்காலுல வந்து விழுகும். நான் பாக்கக்கூட வேண்டியதில்ல. கண்ணு பின்னால இருக்கறாப்புல அவளுக்கு நான் எங்க ஓடறேன்னு தெரியும். அது ஒண்ணு மட்டும் அவகிட்ட இருந்துச்சு, ஒத்துக்கறேன். மத்தபடி கோலடிச்சவ நானு. பேரு எனக்குத்தான் வரோணும், வந்துச்சு.

அவ யாரோ எவளோ இல்லீங்க. எங்க தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவிங்க புள்ள. அக்கட்டால காலனியில ஊடு. நான் அதெல்லாம் பாக்கவே மாட்டனுங்க. அவகூட ஒண்ணாத்தான் பள்ளிக்கூடம் போவேன், ஒண்ணாத்தான் வருவேன். எங்க ஊட்டுலயும் அவமேல அவ்வளவு பாசம். எங்கம்மா அவளுக்குன்னே தனியா ஒரு எவர்சில்வர் டம்ளரு வாங்கி வெச்சிருந்துச்சுன்னாப் பாத்துக்கங்க. மோட்டார் ரூமு செவுத்து மேல இருக்கும். அவ வந்தா அதுலதான் மோரு ஊத்திக் குடுக்கும். வேற யாரும் அதைத் தொட மாட்டோம். அவளுக்குன்னு வெச்சது அவளுக்குத்தான். அப்படி வெச்சிருந்தோம் அவள. அவ எனக்கு என்ன பண்ணுனா?

ஒருக்கா கோயமுத்தூரு ஸ்டேடியத்துல செலக்சன்னு சொன்னாங்க. ஸ்டேட் டீமுக்கு. அதுல போயிட்டா அப்பறம் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கவருமெண்டு வேலை நிச்சயம்ன்னு டீச்சரு சொன்னாங்க. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. எங்கப்பாவுக்கு நான் ஆடறதே தெரியாதுங்க. தெரிஞ்சா வெட்டிப்போடுவாரு. எம்பட பூட்ஸு எஸ்தரு ஊட்டுலதான் இருக்கும். அவதான் கழுவி, காய வெச்சு, பையில போட்டு எடுத்துட்டு வருவா. அவளுக்கு பூட்ஸே கெடையாது. வெறுங்காலுல ஆடுவா.

அதுல ஒரு சிக்கலு வந்துச்சுங்க. பதினேழு வயசுக்குள்ள இருந்தாத்தான் செலக்சன். எனக்குப் பதினாறு. எஸ்தருக்குப் பதினேழு முடிஞ்சு எட்டு மாசம். விண்ணப்பப் பாரத்துல அவ சரியான பொறந்த தேதியப் போட்டு எழுதிட்டா, அசடு. நான்தான் அந்தப் பாரத்த வாங்கி வெச்சுக்கிட்டு, வேற பாரத்துல வருசத்த ஒண்ணு தள்ளி எழுதிக் குடுத்தேன். அவ வேண்டாம்ன்னுதான் சொன்னா. "மாட்டிக்குவேன் கலா, வேண்டாம்"ன்னு ரெண்டு மூணு தடவ சொன்னா. நான் உடல. அவ வரலீன்னா எனக்கு ஆரு பந்து குடுக்கறது? கண்டவளும் குடுக்கற பந்துல நான் எப்படிக் கோலடிக்கறது? டீச்சரும் கவனிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. நான் அந்தப் பாரத்துக்கு ஒரு ஜெராக்ஸும் எடுத்து, பழைய பாரத்தையும் சேத்து எடுத்து வெச்சுக்கிட்டேன். எதுக்குன்னு கேக்காதீங்க. எதையும் பத்திரமா வெக்கற பழக்கம் எனக்கு. எதுக்கும் இருக்கட்டும்ன்னு வெச்சதுதான்.

செலக்சன் அன்னைக்கு விடியால அஞ்சே காலு பஸ்ஸு. அஞ்சு மணிக்கு எஸ்தரு எங்க கேட்டுக்கு வந்துட்டா. கையில எம்பட பூட்ஸுப் பை. எங்கப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தவரு பாத்துட்டாரு. "என்ன பிள்ள இந்நேரத்துல?"ன்னாரு. கோயமுத்தூருல ஃபுட்பால் போட்டி, கலாவக் கூப்புட வந்தேன்னு சொல்லிப்போட்டா. பொய் சொல்லத் தெரிய வேண்டாங்களா? டீச்சரு சொன்னாங்க, பரிச்ச, அது இதுன்னு ஏதோ ஒண்ணு சொல்லியிருக்கலாமில்ல? நேரா ஃபுட்பால்ன்னு சொல்லிட்டா.

எங்கப்பா, "அவளுக்குக் காய்ச்சலு, வர மாட்டா, நீ போ"ன்னுட்டாரு.

அவ போகலீங்க. அங்கயே நின்னா. கேட்டுக்கு வெளிய, ரோட்டோரமா, அந்தப் பைய வெச்சுக்கிட்டு. அஞ்சே காலு பஸ்ஸும் போயிருச்சு. அவ நின்னுட்டுத்தான் இருந்தா. நான் ரூமுக்குள்ள இருந்தேன். எனக்கு என்ன காய்ச்சலா கீய்ச்சலா, டிரெஸ்ஸெல்லாம் போட்டு ரெடியா இருந்தேன். எங்க ஊட்டுக்குப் பின்கதவு ஒண்ணு உண்டு, தென்னந்தோப்பு வழியா ரோட்டுக்குப் போயிரலாம். அது தொறந்துதான் கெடந்துச்சு. ஆனா அப்பா முன்னால நிக்கறப்ப பின்னால போறதுக்கு எப்படிங்க மனசு வரும்? அதெல்லாம் நம்ம வளப்பு.

அரை மணி நேரம் நின்னுட்டு அவ போயிட்டா. எங்க போனா? ஊட்டுக்குத் திரும்பிப் போயிருக்கோணுமா இல்லியா? கூட்டாளி வர முடியாத எடத்துக்கு நான் மட்டும் எதுக்குன்னு நெனச்சிருக்கோணுமா இல்லியா? அடுத்த பஸ்ஸப் புடிச்சு கோயமுத்தூரு போயி, எம்பட பூட்ஸையே காலுல மாட்டிட்டு ஆடி, செலக்ட் ஆயிட்டா. எம்பட எடத்துலங்க. லெஃப்ட் விங்குல ஆடச் சொன்னாங்களாமா. ஸ்டேட்டுக்கு ஆடுனா, வேலை கெடச்சுது, மெட்ராஸு டெல்லின்னு போனா. பூட்ஸு மட்டும் ஒரு வாரங்கழிச்சுத் திரும்பி வந்துச்சு, மோட்டார் ரூமு செவுத்துல, அந்த டம்ளருக்குப் பக்கத்துல வெச்சுட்டுப் போயிட்டா. கழுவி வெச்சிருந்தா. நான் அதைக் கெணத்துல எறிஞ்சுட்டேன்.

பன்னெண்டாவது முடிச்ச கையோட எனக்குக் கல்யாணம். எங்க ஊட்டுக்காரரு காங்கேயத்துல தேங்காய்க் களம் வெச்சிருக்கறாருங்க. கொற ஒண்ணும் இல்ல. தேங்காப் பருப்பு காய வெச்சு, எடுத்து, மழ வந்தா மூடி, ஆளுகளுக்கு டீ போட்டு, இருபது வருசம் ஓடிப்போச்சு. ஆனா ஒண்ணு சொல்றனுங்க. களத்துல நின்னு தேங்காயத் தள்ளறப்பக்கூட எடது காலுலதான் தள்ளுவேன். அப்பல்லாம் அவ நெனப்பு வரும். நல்லாருக்கக் கூடாதுடி நீயின்னு நெனைப்பேன். சாமி கும்புடறப்பவும் நெனைப்பேன். பொய் சொல்லி என்னாகப் போகுது.

இவ பொறந்தாளுங்களா, வர்ஷி. ஏழாவதுல இருந்து ஃபுட்பாலு ஃபுட்பாலுன்னு உசுர எடுத்தா. நான் அவள ஆட உடல. கருத்துப்போயிருவ, காலுல தழும்பாகும், நாளைக்கு ஒரு நல்ல எடத்துல குடுக்க வேண்டாமான்னு சொல்லி நிறுத்திப்போட்டேன். அவளுக்கு நான் ஆடுனதே தெரியாது. சொன்னதில்ல. பள்ளிக்கூடத்துல என்ன பண்ணுனாளோ, அது எனக்குத் தெரியாது.

போன வாரம் பேப்பருல ஒரு போட்டோ. மாவட்டங்களுக்குள்ள பொண்ணுக ஃபுட்பாலு, ஃபைனல், கோயமுத்தூரு ஸ்டேடியத்துல. ஒரு டீமு நிக்குது, பக்கத்துல கோச்சு. கழுத்துல விசிலு. பேரப் பாக்காமயே தெரிஞ்சுதுங்க. எஸ்தரு. கோச்சாமா. அதே ஸ்டேடியம். பீரோவத் தொறந்தேன். அந்த ரெண்டு பாரமும் கல்யாணப் பட்டுக்கு அடியிலதான் இருந்துச்சு, செல்லரிக்காம.

ஒரு கடுதாசி எழுதுனேன். "தங்கள் சங்கத்தில் பயிற்சியாளராக உள்ள எஸ்தர் என்பவர் பொய்யான பிறந்த தேதி கொடுத்து ஆடியவர், அதன் மூலம் அரசு வேலை பெற்றவர், ஆதாரம் இணைத்துள்ளேன்"னு. பேரு போடல. கீழ "உண்மையை விரும்பும் ஒருவர்"ன்னு போட்டேன். அது பொய்யில்லைங்களே. எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு ஒட்டுனேன். தபால்ல போட்டா எவனாவது குப்பையில போட்டிருவான். நேர்லயே குடுக்கோணும், அதும் பரிசு குடுக்கற நேரத்துல, மைக்கெல்லாம் இருக்கறப்ப. அத்தன கூட்டத்துக்கு முன்னால அவ மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நான் கண்ணால பாக்கோணும்.

தனியாக் கெளம்புனா ஊட்டுக்காரரு எங்கன்னு கேப்பாரு. அதனால வர்ஷியக் கூப்புட்டு, "மேட்ச் பாக்கப் போலாமா அம்முணி"ன்னேன். அவ என்னையவே பாத்துட்டு நின்னா. "நெசமாவாம்மா?"ன்னா. அன்னைக்கு ராத்திரியே துணி எடுத்து மடிச்சு வெச்சுட்டா. இன்னைக்குக் காத்தால எனக்கு முன்ன எந்திரிச்சு, எலுமிச்ச சாதம் கிண்டி, டப்பாவுல போட்டு, தண்ணி பாட்டலெல்லாம் எடுத்து வெச்சிருக்கறா. பஸ்ஸுல போறப்ப எங்கையப் புடிச்சுட்டே வந்தாளுங்க. சின்னப் புள்ளையில புடிச்சதோட சரி. ஆஃப்சைடுன்னா என்னன்னு எனக்கு வெளக்கிச் சொல்லிட்டு வந்தா. நானும் தெரியாதவளாட்டம் கேட்டுக்கிட்டேன்.

ரெண்டு மணிக்கெல்லாம் போயிட்டோம். கேலரியில கம்பிக்குப் பக்கத்துல எடம் கெடச்சுது. கீழ பொண்ணுக ஓடிட்டு இருக்கறாங்க. எஸ்தரு நடுவுல நின்னு கையக் காட்டிட்டு இருக்கறா. முடியெல்லாம் கொஞ்சம் நரச்சிருச்சு. ஒல்லியாத்தான் இருக்கறா. அது வேற எனக்கு எரிச்சலு. நான் முந்தானைய இழுத்து மூஞ்சிய மறச்சுட்டுத்தான் உக்காந்திருந்தேன். அப்பவும் பாத்துட்டா. சித்த நேரம் பாத்துட்டே நின்னா. அப்பறம் வந்தா. ஓடி வரலீங்க, நடந்துதான் வந்தா.

"கலாதான?"ன்னா.

"ஆமா"ன்னேன்.

"பாப்பா யாரு?"

"எம்புள்ள."

வர்ஷி எந்திரிச்சு நின்னு, "அம்மா, உனக்கு இவங்களத் தெரியுமா?"ன்னு கேக்கறா. அதுக்கு எஸ்தரு, "உங்கம்மாவும் நானும் ஒரே டீமு. உங்கம்மா லெஃப்ட் விங்கு. சொல்லலியா?"ன்னு போட்டு ஒடைச்சுட்டா. வர்ஷி என்னையப் பாத்த பார்வை இருக்குதுங்களே. சந்தோசமா, கோவமான்னு எனக்குத் தெரியல. எஸ்தரு அவகிட்ட, நீ ஆடுவியான்னா. பள்ளிக்கூடத்துல ஆடறேங்க, ஊட்டுல தெரியாதுன்னு எம்முன்னாலயே சொல்றா, பாருங்க எத்தன நெஞ்சழுத்தம். எஸ்தரு கம்பி வழிய உள்ள வரச் சொல்லி, கோல் காக்கற புள்ளைக்கு முன்னால அஞ்சு பந்த வெச்சு அடிக்கச் சொன்னா.

அஞ்சுல நாலு உள்ள போச்சுங்க. அத்தனையும் எடது காலு.

எஸ்தரு திரும்பி எம்பக்கமாப் பாத்து, "அதே காலு"ன்னா. சத்தமா இல்ல. ஒதட்ட வெச்சே தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா நான் ஏமாறலீங்க. எம்பட எடத்த எடுத்தது பத்தாதுன்னு எம்பட புள்ளையவும் எடுக்கப் பாக்கறான்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. கைப்பையத் தொட்டுப் பாத்துக்கிட்டேன். கவரு இருந்துச்சு.

மூணு மணிக்கு மேட்ச். சும்மா சொல்லக்கூடாது, நல்லா ஆடுனாளுக அவ பொண்ணுக. மொதல்ல எதிர்க்கட்சி ஒரு கோலு போட்டாளுக. நான் மனசுக்குள்ள நல்லா வேணும்ன்னேன். ஹாஃப் டைமுக்கு அப்பறம் இவளுக ஒண்ணு திருப்பிப் போட்டாளுக. கடைசியில அஞ்சு நிமிசந்தான் இருக்கும், ஒரு குட்டப்புள்ள எடது பக்கம் தனியா ஓடறா, நடுவுல இருக்கறவ அதைப் பாக்காம பந்த வெச்சுட்டு நிக்கறா. எனக்குக் காலு தானா எந்திரிச்சிருச்சுங்க. "லெஃப்ட்ல குடு, லெஃப்ட்ல குடு"ன்னு நான் கத்தறேன். கேலரியே திரும்பிப் பாக்குது. பந்து போச்சு, அந்தக் குட்டப்புள்ள அடிச்சா, கோலு. வர்ஷி என்னையக் கட்டிப்புடிச்சுட்டுக் குதிக்கறா. நானும் குதிச்சேன்னு நெனைக்கறேன். அப்பறம் நெனப்பு வந்து உக்காந்துக்கிட்டேன். ஜெயிச்சது எஸ்தரு டீமாச்சே.

வர்ஷி கீழ எஸ்தருகிட்ட ஓடிட்டா. அதுவும் நல்லதுன்னு நான் கவர எடுத்துக்கிட்டு, பந்தலு போட்டுக் கோப்பையெல்லாம் அடுக்கி வெச்சிருந்த எடத்துக்குப் போனேன். சங்கத்து ஆளு ஒருத்தரு, வயசானவரு, கழுத்துல அட்டை தொங்குது, டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தாரு. "ஐயா, ஒருத்தரு இத உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க, அவசரம், பரிசு குடுக்கறதுக்கு முன்னால படிக்கோணுமாமா"ன்னேன்.

அவரு டீய வெச்சுட்டு, கண்ணாடியப் போட்டுக்கிட்டு, பொறுமையாப் பிரிச்சாரு. கடுதாசியப் படிச்சாரு. ரெண்டு பாரத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அவரு எந்திரிச்சு மைக்குகிட்டப் போவாருன்னு நான் நெனச்சுட்டு நிக்கறேன். அவரு கண்ணாடியக் கழட்டி, "இதுதானாம்மா"ன்னாரு. ஒண்ணுமே நடக்காத மாதிரி.

"ஏனுங்க, பெரிய மோசடியில்லீங்களா?"ன்னேன்.

"இது முடிஞ்சுபோன கதைங்கம்மா. அஞ்சு வருசத்துக்கு முன்னால கோச் பதவிக்கு எடுக்கறப்ப எஸ்தரம்மாவே வந்து எழுதிக் குடுத்தாங்க, நான் வயசு மாத்திக் குடுத்து ஆடுனவன்னு. ஆரும் கேக்கல, அவங்களா வந்து சொன்னாங்க. விசாரணை வெச்சோம். ரெண்டு வருசம் கிரவுண்டுக்குள்ள காலு வெக்கக்கூடாதுன்னு தண்டனை. ஆபீசுலயும் நடவடிக்கை எடுத்தாங்க. எல்லாத்தையும் ஏத்துக்கிட்டாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கடைசி வரைக்கும் சொல்லல. இந்தப் பாரத்துல இருக்கறது அவங்க எழுத்து இல்ல. எழுதுனது ஆருன்னு கேட்டோம், வாயத் தொறக்கல."

அந்த நேரம் பாத்து இவ வந்துட்டாளுங்க, வர்ஷி. மூச்சு வாங்க ஓடி வர்றா. "அம்மா, திங்கக்கெழம காத்தால டிரையல்ஸுக்கு வரச் சொல்லியிருக்கறாங்க, ஆறரைக்கு"ன்னு சொல்லிட்டே மேசை மேல இருந்ததப் பாத்தா. சும்மா குனிஞ்சு பாத்தா. ஒரு கள்ளமும் இல்லாம, "அம்மா, இது உன்ற எழுத்தாட்ட இருக்குது"ன்னா.

"எல்லாரு எழுத்தும் ஒண்ணாட்டத்தான் இருக்கும், நீ வா"ன்னேன். "இல்லம்மா, உன்ற ழகரம் இப்படித்தான் வாலச் சுழிப்ப. லீவு லெட்டருல பாத்திருக்கறேன்"ங்கறா. அந்தப் பெரியவரு மறுபடி கண்ணாடியப் போட்டாரு. கடுதாசியவும் அந்தப் பாரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாரு. அப்பறம் என்னையப் பாத்தாரு. ஒண்ணும் கேக்கலீங்க. கேட்டிருந்தாக்கூட ஏதாச்சும் சொல்லியிருப்பேன்.

எஸ்தரு பின்னாலயே வந்துட்டா, துண்டால மூஞ்சியத் தொடச்சுட்டு. மேசையப் பாத்ததுமே அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. அந்த ஜெராக்ஸ எடுத்துப் பாத்தா. "இதையுமா வெச்சிருந்த?"ன்னா.

வர்ஷி அவகிட்டக் கேக்கறா, "மேடம், இத எழுதுனது எங்கம்மாவா?"

"உங்கம்மாகிட்டயே கேளு"ன்னா எஸ்தரு. அப்பறம் எம்பக்கம் திரும்பி, ஊரு பேச்சுல, கொரலே ஒசத்தாமப் பேசுனா. "உம்பேரச் சொல்லாம உட்டது உனக்காகன்னு நெனச்சுக்காத கலா. சொல்லியிருந்தா உங்கப்பன் நாலு பேரோட வந்து நின்னிருப்பாரு. எம்புள்ள எதுக்கு இவளுக்கு எழுதித் தரப்போறான்னு கேட்டிருப்பாரு. அவரு பேச்சு எடுபடுமா, எம்பேச்சு எடுபடுமா? அது எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்லல."

நான் உட்டுக் குடுக்கலீங்க. "எம்பட எடத்துல ஆடுனவதான நீ"ன்னேன். "எம்பட பூட்ஸப் போட்டுட்டு."

அவ அந்த ஜெராக்ஸ மேசையில வெச்சா. "அன்னைக்கு அரை மணி நேரம் உங்க கேட்டுல நின்னேன்"ன்னா. "ஜன்னல்ல நீ நின்னத நான் பாத்தேன். ரிப்பன் எல்லாம் கட்டி நின்ன. காய்ச்சலு வந்தவளாட்டம் இல்ல. நீ கையாச்சும் அசைச்சிருந்தா நான் திரும்பிப் போயிருப்பேன் கலா. ஊட்டுக்கே போயிருப்பேன். நீ திரையத்தான் இழுத்து உட்ட."

அது நெசமாங்க? இருக்கலாம். திரைய இழுத்திருப்பேன். வெளிய அவ நிக்கறதப் பாக்கப் பாக்க எனக்கு அழுகையா வந்துச்சு, அதனால இழுத்திருப்பேன். அதுக்குப் போயி இத்தன வருசம் மனசுல வெச்சுட்டு இருப்பாங்களா? அத்தன கூட்டத்துல, எம்புள்ளைய வெச்சுக்கிட்டுச் சொல்லுவாங்களா? நான் அவ மூஞ்சியப் பாக்கோணும்ன்னு போனா, எல்லாரும் எம்பட மூஞ்சியப் பாக்கறாங்க.

போறப்ப எஸ்தரு வர்ஷி தலையத் தொட்டு, "திங்கக்கெழம ஆறரை. வந்தாச் சேத்துக்கறேன்"னா. என்னையப் பாத்து, "அனுப்பறதும் அனுப்பாததும் உன்னிஷ்டம். நான் உங்க கேட்டுக்கெல்லாம் வந்து கூப்புட மாட்டேன். ஒருக்கா வந்தது போதும்"ன்னுட்டுப் போயிட்டா. மைக்குல அவ பேரச் சொன்னாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. எம்பக்கத்துல நின்னு இவளும் தட்டுனா.

பாத்தீங்களா, எத்தன திமிரு. நான் எதுவும் சேத்துச் சொல்லலீங்க, நடந்தத நடந்தபடிதான் சொன்னேன்.

ஸ்டேடியத்துல இருந்து டவுன் பஸ்ஸுல வர்ற வரைக்கும் இவ வாயத் தொறக்கல. சிங்காநல்லூருல எறங்குனதும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "அந்தக் கவரக் குடுக்கத்தான் என்னையக் கூட்டிட்டு வந்தியா?" நான் இல்லைன்னுதான் சொன்னேன். நம்பல. அப்பறம் சொன்னா, "நான் திங்கக்கெழம போறேன். அப்பாகிட்ட எனக்குக் காய்ச்சல்ன்னு சொல்லிப்போடாத." சொல்லிட்டு அந்த சீட்டுல போயி உக்காந்துட்டா. டப்பாவுல பாதி எலுமிச்ச சாதம் அப்படியே இருக்குது, திங்கல. நானும் திங்கல.

நான் என்னங்க பண்ணட்டும்? ஆறரைக்கு அங்க இருக்கோணும்ன்னா காங்கேயத்துல நாலரை பஸ்ஸப் புடிக்கோணும். நாலு மணிக்குக் களத்து கேட்டத் தொறக்கோணும். அந்தச் சாவி ராத்திரிக்கு எந்தலகாணிக்கு அடியிலதான் இருக்கும். ஊட்டுக்காரருக்கு ஏதாச்சும் ஒரு காரணம் சொல்லோணும், அது நான் சொல்லிக்குவேன், அது ஒண்ணும் பெரிசில்ல. ஆனா அனுப்புனா எஸ்தரு ஜெயிச்ச மாதிரி ஆயிருமில்லீங்களா? எடத்தவும் எடுத்து, எம்புள்ளையவும் எடுத்து, நானே எங்கையால கேட்டத் தொறந்து உட்ட மாதிரி. அதுக்கு எனக்கு மனசு வரலீங்க. இருபத்திரண்டு வருசம் சும்மா போயிருமா?

அனுப்பலீன்னா?

அதைத்தான் நானும் அப்பப் புடிச்சு நெனச்சுட்டு வர்றேன். அனுப்பலீன்னா இவ ஜன்னலுகிட்ட நிப்பா. நான் வெளிய நின்னு மாட்டுக்கு... இல்லீங்க, எங்க ஊட்டுல மாடு இல்ல. என்னமோ சொல்ல வந்தேன், போகட்டும்.

பல்லடம் பஸ் ஸ்டேண்டு வந்துருச்சு பாருங்க, பைய எடுத்துக்கங்க. நாயம் சொல்லுங்கன்னு கேட்டேன், வேண்டாங்க, சொல்லாதீங்க. முன்வழியாத்தான எறங்குவீங்க? போறப்ப அந்தப் புள்ளகிட்ட இந்த டப்பாவக் குடுத்துட்டுப் போறீங்களா, பசிச்சிருக்கும். நான் குடுத்தேன்னு சொன்னா வாங்க மாட்டா. சாப்புடச் சொல்லுங்க. திங்கக்கெழம ஓடோணுமில்ல.